மும்பை மாதிரி கடலோர விரைவுச் சாலை சென்னைக்கு வந்தால் வேலூர்க்காரர்களுக்கு என்ன லாபம்?

சத்துவாச்சாரி டிராவல்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் சின்ன அளவில் கார் வாடகைக்கு விடுகிறேன், டிரைவர் வராத நாளில் நானே ஓட்டுவேன். பாதி டிரிப் மீனம்பாக்கம் ஏர்போர்ட், மீதி ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளிமாநிலத்துக்காரர்களை ஏற்றி இறக்குவது. சமீபத்தில் மும்பைக் குடும்பம் ஒன்றை ஏர்போர்ட்டில் ஏற்றினேன். அந்த வீட்டுப் பெரியவருக்கு வழி நெடுக அவர் ஊரில் கடலோரமாகப் போட்ட சாலையைப் பற்றித்தான் பேச்சு. முன்பு முக்கால் மணி நேரம் ஆன தூரம் இப்போது பத்துப் பன்னிரண்டு நிமிஷமாம், சிக்னலே கிடையாதாம், டோலும் கிடையாதாம். "இவ்வளவு நீளமான கடற்கரையை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறீர்கள்?" என்று அவர் கேட்ட நேரம் பார்த்து வண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரிசையாக நின்ற கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் நகராமல் கிடந்தது. என்ன பதில் சொல்ல? சிரித்து வைத்தேன்.

அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடுகிறது. சென்னையிலும் கலங்கரை விளக்கத்தில் இருந்து நீலாங்கரை வரை கடல் மேல் பாலம் வரும் என்கிறார்கள், திருவான்மியூரில் இருந்து உத்தண்டி வரை மேம்பாலச் சாலை என்று வேறு அறிவிப்பு. இதெல்லாம் வந்தால் ஊருக்குள் நெரிசல் உண்மையிலேயே குறையுமா, குறைந்தால் மேற்கே இருந்து போகிற நமக்கு அதில் ஏதாவது மிஞ்சுமா? கட்சிச் சண்டை வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குடியாத்தம் டு மாட்டுங்கா:

அண்ணே, நான் குடியாத்தம். வேலை மும்பையில், ஜாகை மாட்டுங்காவில். பெரியவர் சொன்ன நேரக் கணக்கு சரிதான். மெரைன் டிரைவ் பக்கம் பிரின்சஸ் தெரு மேம்பாலத்தில் தொடங்கி வொர்லியில் கடல் பாலம் ஆரம்பிக்கும் இடம் வரைக்கும் 10.58 கிலோமீட்டர். நடுவில் கிர்காவ் சௌபாத்திக்கும் மலபார் ஹில்லுக்கும் அடியில் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இரட்டைச் சுரங்கம். 2018-ல் வேலை ஆரம்பித்தார்கள், 2024 மார்ச்சில் ஒரு பக்கம் மட்டும் திறந்தார்கள், அப்புறம் துண்டு துண்டாகத் திறந்து, செப்டம்பரில் பெரிய வில் வளைவு இரும்பு உத்திரம் (கர்டர்) ஒன்றை வைத்து பாந்த்ரா–வொர்லி பாலத்தோடு இணைத்து, 2025 ஜனவரியில்தான் முழுசாக ஓட விட்டார்கள். செலவு 14,000 கோடியை ஒட்டி. போட்டது மாநகராட்சி, அதனால் டோல் இல்லை.

ஆனால் அந்தச் சாலையில் பைக் போகக்கூடாது, ஆட்டோ போகக்கூடாது. என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். ஆபீசுக்கு லோக்கல் டிரெயினில் போகிறேன், எனக்கு அந்தச் சாலை டிரெயின் ஜன்னலில்கூடத் தெரியாது. தினமும் 60 லட்சம் பேருக்கு மேல் இந்த ஊரில் லோக்கல் டிரெயினில்தான் தொங்கிக்கொண்டு போகிறோம், அந்தக் கூட்டத்தில் அந்தச் சாலையால் ஒரு கை இடம்கூடக் கூடவில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கு அற்புதமான சாலைதான், மறுக்க மாட்டேன். ஒரு தடவை சிநேகிதன் காரில் போனேன். சுரங்கத்துக்குள் 60, வெளியே நேர் சாலையில் 80 என்று போர்டு, ஒரு பக்கம் கடல், கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஹாஜி அலி பக்கம் இறங்கினோம் பாருங்கள், வந்த வேகம் அத்தனையும் அங்கே சிக்னலில் காணாமல் போனது. எட்டுத் தடத்தில் பறந்து வந்த வண்டிகள் எல்லாம் பழைய தெருவில்தானே இறங்கியாக வேண்டும்.

ஒன்று மட்டும் உண்மை, பழைய வழியான பெத்தர் ரோடு பக்கம் மூச்சு விட முடிகிறது என்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். பெஸ்ட் என்கிற மும்பை டவுன் பஸ்ஸும் அதன் வழியாக விட்டார்கள், ஓரத்தில் நடைபாதையும் 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை.


கோட்டை அகழி:

முதலில் கிரீன் சர்க்கிளில் இருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு மாலை ஆறு மணிக்கு எப்படிப் போவது என்று யாராவது சொல்லுங்கப்பா, அப்புறம் கடலுக்குப் போகலாம். நம்ம ஊருக்குக் கடல் இல்லாதது ஒரு வகையில் நல்லது, இருந்திருந்தால் அதிலும் ஒரு சர்வீஸ் ரோடு போட்டு, பாதியில் தோண்டி வைத்திருப்பார்கள்.


காட்பாடி ஜங்ஷன்:

தம்பி, நல்ல கேள்வி. நான் சிவில், துறைமுக வேலைகளில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு இப்போது காட்பாடியில் ஓய்வாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

மும்பையில் இது ஏன் எடுபட்டது என்பதற்கு முதலில் அந்த ஊரின் படத்தைப் பார்க்க வேண்டும். தெற்கு மும்பை என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒடுக்கமான நிலம். ஆபீஸ் எல்லாம் பல காலமாகத் தெற்கு முனையில், வீடுகள் வடக்கே. காலையில் மொத்த ஊரும் தெற்கே இறங்கும், மாலையில் வடக்கே ஏறும். பக்கவாட்டில் அகலப்படுத்த நிலமே கிடையாது. அந்த ஊரில் கடலோரம் என்பது ஊரின் முக்கிய ஓட்டம் எந்தத் திசையோ அதே திசை. சென்னை அப்படி இல்லை. சென்னை கடலில் இருந்து மேற்கே விரிந்த ஊர். பூந்தமல்லி சாலை, ஜி.எஸ்.டி. சாலை, ஜி.என்.டி. சாலை, ஓ.எம்.ஆர். என்று விசிறிக்கொண்டு போகிறது. கடலோரமாக ஓடும் கூட்டம் என்று பார்த்தால் மயிலாப்பூர், அடையாறு, திருவான்மியூர், அதற்குத் தெற்கே இருக்கிற ஈ.சி.ஆர். குடியிருப்புகள், ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்குப் போகிறவர்களில் ஒரு பகுதி. அவர்களுக்கு உதவும். ஸ்ரீபெரும்புதூரில் நிற்கிற உன் வண்டிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அடுத்தது, கடலோரச் சாலை என்றால் இரண்டு விதம். கடலை மேடாக்கி மண் கொட்டிப் போடுவது ஒன்று, தூண் மேல் பாலமாகப் போடுவது இன்னொன்று. மும்பையில் இரண்டும் கலந்து செய்தார்கள். சுமார் 111 ஹெக்டேர் கடலைத் தூர்த்தார்கள். 2011-ம் வருஷக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் சாலைக்காகக் கடலைத் தூர்க்க இடம் கிடையாது, தூண் மேல்தான் போடலாம். 2015 டிசம்பரில் அதைத் திருத்திய பிறகுதான் வழி பிறந்தது. அதற்கப்புறமும் 2019 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது, அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டு வேலையைத் தொடர விட்டது. நடுவில் மாதக் கணக்கில் வேலை நின்றது. மெஷின் சும்மா நின்றாலும் செலவு ஓடும் என்பது வண்டி வைத்திருக்கும் உனக்கே தெரியும்.

சென்னைக் கடலில் மண் கொட்டுவது பற்றி யாராவது பேசினால் எனக்குப் பயம் வரும். இந்தக் கரையில் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவ அலையில் தெற்கே இருந்து வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும், மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் சுவரின் தெற்கே தேங்கியது, நாம் அகலம் அகலம் என்று பெருமைப்படும் மெரினா மணல்வெளி அப்படித்தான் விரிந்தது. சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்து, வருஷா வருஷம் கல் கொட்டிக் கொட்டித்தான் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஒரு சுவருக்கே இந்தப் பாடு. தூண் மேல் பாலம் என்றால் இந்த அளவு ஆபத்து இல்லை, மணல் தூணுக்கு இடையில் போய்விடும். ஆனால் தூண் அடியில் அரிப்பு, அடையாறு முகத்துவாரம் அடைத்துக்கொள்வது, புயல் அலை எல்லாம் கணக்கில் வரும். 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம் பார்த்த கடல் இது. அரபிக்கடல் ஓரம் போட்ட வரைபடத்தை இங்கே அப்படியே விரித்துவிட முடியாது.

நெரிசல் குறையுமா என்ற உன் முதல் கேள்விக்கு: புதுச் சாலை திறந்ததும் குறையும். அதைப் பார்த்து இதுவரை பஸ்ஸில் போனவர், நேரம் மாற்றிப் போனவர், போகாமலே இருந்தவர் எல்லாம் காரை எடுப்பார்கள். சாலை ஓரத்தில் புதுசாக வீடு வாங்குவார்கள். கொஞ்ச வருஷத்தில் பழைய நிலைமை. உலகம் முழுக்கப் பெரிய ஊர்களில் இதுதான் நடந்திருக்கிறது. கடலோரமாகப் போட்ட மேம்பாலச் சாலையை இடித்த ஊர்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1989 நிலநடுக்கத்தில் பழுதான கடலோர மேம்பாலத்தைச் சரி செய்யாமல் 1991-ல் இடித்தே விட்டார்கள். சியாட்டிலில் 2019-ல் இடித்துவிட்டுச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள், அந்தச் சுரங்கம் தோண்டிய எந்திரம் நடுவில் மாட்டிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு வருஷம் கிடந்தது தனிக்கதை.


மக்கன்பேடா:

வணக்கம். பிறந்தது ஆற்காடு, வாழ்க்கைப்பட்டது சாந்தோம், அதனால் இந்த இழையில் எனக்கு இரண்டு பக்கமும் உரிமை உண்டு.

மேலே எழுதிய எல்லாரும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்கள். நான் தினமும் காலையில் மீன் வாங்கப் போகும் லூப் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பக்கம் நொச்சிக்குப்பம் வீடுகள், ஒரு பக்கம் மணல், மணலில் ஃபைபர் படகுகள், படகுக்குப் பக்கத்தில் வலையை விரித்துப் போட்டு நாலு பேர் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வலை எடுக்கும் இடம் பெரிய திருமண மண்டபம் அளவுக்கு இருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் காலி மணல் என்று நினைப்பார்கள். அது காலி இல்லை, அவர்களுடைய தொழிற்கூடம். அந்த லூப் ரோடே முதலில் குப்பத்துக்குள் போகிற பாதையாக இருந்தது, வண்டிகள் அதைக் குறுக்குவழியாகப் பிடித்துக்கொண்டன. 2023-ல் சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கடைகளை அகற்றி, மீனவர்கள் ரோட்டில் உட்கார்ந்து, கடைசியில் 2024-ல் தனியாக மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். யாருடைய இடத்தில் யார் இடைஞ்சல் என்று அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் வாக்குவாதம்.

கடலோரமாக உயர்த்திய சாலை என்ற திட்டம் 2010 வாக்கிலேயே வந்தது, கலங்கரை விளக்கத்தில் இருந்து கொட்டிவாக்கம் பக்கம் வரை. அப்போது சீனிவாசபுரம், ஊரூர் ஆல்காட் குப்பம் மீனவர்கள் எல்லாம் எழுந்து நின்று எதிர்த்தார்கள், திட்டம் அப்படியே அமுங்கியது. இப்போது கரை மேல் இல்லை, கடல் மேல் என்கிறார்கள். சரி, மணல் பிழைத்தது என்றே வைத்துக்கொள்வோம். படகு எந்தத் தூணுக்கு நடுவில் போகும்? மும்பை வொர்லி கோளிவாடா என்ற மீனவர் குப்பத்தில் இதே சண்டை நடந்ததாமே, மாட்டுங்கா தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, ஜனவரியில் இருந்து மார்ச் வரை இந்தக் கரையில் ஆமைகள் முட்டை போட வருகின்றன. 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின. அதற்குச் சாலை காரணம் இல்லை, இழுவைப் படகு வலை என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஏற்கெனவே அடிபடுகிற இடத்தில் ராத்திரி முழுக்க விளக்குப் போட்டு ஒரு பாலமும் வந்தால் என்னாகும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நடக்கும்.


குடியாத்தம் டு மாட்டுங்கா:

அக்கா, ஆமாம் நடந்தது. வொர்லியில் பாலத்தோடு சேரும் இடத்தில் தூண்களுக்கு நடுவில் 60 மீட்டர் என்று வரைந்திருந்தார்கள். அலை அடிக்கும்போது, காற்று தள்ளும்போது அதற்குள் படகை நுழைக்க முடியாது என்று கோளி மீனவர்கள் வேலையையே நிறுத்தினார்கள், அவர்கள் கேட்டது 160. கடைசியில் 120 மீட்டருக்கு ஒத்துக்கொண்டு வரைபடத்தை மாற்றினார்கள். வேலை ஆரம்பித்து நாலு வருஷத்துக்குப் பிறகு. முன்னாலேயே ஒரு நாள் அந்தக் கரையில் போய் உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்த நாலு வருஷ மல்லுக்கட்டு மிச்சம்.


ராணிப்பேட்டை லோடு:

எனக்கு இந்தக் கார் கதை எல்லாம் வேண்டாம். லாரி ஓடுகிறது, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் இருந்து தோலும் ஷூவும் கன்டெய்னரில் ஹார்பருக்கு. எங்களுக்கும் கடலோரம்தான் போக வேண்டும், ஆனால் வடக்குப் பக்கம். பகலில் ஊருக்குள் நோ என்ட்ரி, அதனால் சுற்றி மாதவரம், மணலி வழியாகப் போய் வரிசையில் நிற்கிறோம். கப்பல் கட்ஆஃப் நேரம் தவறினால் அடுத்த கப்பல், பார்ட்டி கத்துவான், டிரைவருக்கு ஒரு நாள் பேட்டா கூட.

எங்களுக்கு என்று ஒரு உயர்மட்டச் சாலை சொன்னார்களே ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் இருந்து மதுரவாயல் வரை, கூவம் ஓரமாக. 2009 ஜனவரியில் பிரதமரே வந்து அடிக்கல் நாட்டினார். தூண் எல்லாம் எழும்பியது. 2012-ல் கூவத்தில் வெள்ளம் போகத் தடை என்று நிறுத்தினார்கள். அப்புறம் கூவத்துக்குள் மொட்டைத் தூண்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. 2022 மே மாதம் திரும்ப ஒரு அடிக்கல், இந்தத் தடவை இரண்டடுக்கு, 20 கிலோமீட்டருக்கு மேல், 5,800 கோடிக்கு மேல். மேல் அடுக்கு எங்களை மாதிரி ஹார்பர் வண்டிகளுக்கு, கீழ் அடுக்கு ஊர் வண்டிகளுக்கு. அது முடிந்தாலே சென்னையில் பாதி லாரி கண்ணில் படாது. நீலாங்கரைக்குக் கடல் மேல் பாலம் போடுகிறவர்கள் இதை முதலில் முடித்துக் கொடுத்தால் கும்பிட்டுவிட்டுப் போவேன்.

பெங்களூர்–சென்னை எக்ஸ்பிரஸ்வே வேறு வருகிறது. 260 கிலோமீட்டர் சுமார், குடியாத்தம், காட்பாடி, வாலாஜா, அரக்கோணம் பக்கமாக வந்து ஸ்ரீபெரும்புதூரில் முடிகிறது. முடிகிற இடத்தைப் பாருங்கள் ஸ்ரீபெரும்புதூர்! ஏற்கெனவே நம்ம பழைய ஹைவே அங்கேதான் திணறுகிறது. ரெண்டு பக்கமும் கொட்டினால் அந்த ஒரு வாயில் எப்படிப் போகும்?


ஓஎம்ஆரில் வாலாஜாக்காரன்:

எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்களே, கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். நான் வாலாஜாபேட்டை, சோழிங்கநல்லூரில் வேலை, வாரம் முழுக்க அங்கே, சனி ஞாயிறு ஊருக்கு. ஓ.எம்.ஆர். பக்கம் எத்தனை வடாற்காட்டுப் பிள்ளைகள் வேலை பார்க்கிறோம் தெரியுமா? "வேலூர்க்காரனுக்கு என்ன லாபம்" என்றால் நாங்களும் வேலூர்க்காரர்கள்தான். நீலாங்கரையில் இருந்து அடையாறுக்கு மாலையில் வர ஆகும் நேரத்தில் வாலாஜாவில் இருந்து காவேரிப்பாக்கம் தாண்டிவிடலாம். ஈ.சி.ஆரை அகலப்படுத்தும் வேலை நிலம் எடுக்க முடியாமல் பல காலமாக இழுத்துக்கொண்டே போகிறது. இரண்டு பக்கமும் கடையும் வீடும். மேலே எழும்பாமல் வேறு எங்கே போவது? மும்பையிலும் முதல் நாளில் இருந்து இதே எதிர்ப்புதான், திறந்த பிறகு எல்லாரும் அதில்தான் போகிறார்கள், ரீல்ஸ் எடுக்கிறார்கள்.

புதுச் சாலை போட்டால் புது வண்டி வரும், அதனால் போடாதே என்றால், நம்ம ஹைவேயை நாலு வழி ஆக்கியபோதும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது ஏன் யாரும் சொல்லவில்லை? வேலூரில் இருந்து சென்னைக்கு ரெண்டரை மணி நேரத்தில் போக ஆரம்பித்ததும் சந்தோஷப்பட்டோம்தானே.


காட்பாடி ஜங்ஷன்:

வாலாஜா தம்பி கேட்டது நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். நாலு வழி ஆனதும் வண்டி கூடியது, அதனால்தான் இப்போது வாலாஜாபேட்டையில் இருந்து பூந்தமல்லி வரை ஆறு வழியாக்கும் வேலை. அந்த வேலை இழுத்த இழுப்பில் சாலை குண்டும் குழியுமாகி, 2020 கடைசியில் உயர் நீதிமன்றமே டோல் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்ல வேண்டி வந்தது. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் சாலை அகலமானால் வண்டி கூடினாலும் ஓட இடம் இருக்கும். ஊருக்குள் இறக்கிவிடுகிற சாலையில் அந்த இடம் கிடையாது. நீலாங்கரையில் ஏறி பத்து நிமிஷத்தில் கலங்கரை விளக்கத்தில் இறங்குகிறாய் என்று வைத்துக்கொள், இறங்கியதும் எங்கே போவாய்? ராதாகிருஷ்ணன் சாலையிலா, காமராஜர் சாலையிலா? இரண்டும் ஏற்கெனவே நிரம்பியவை. சாந்தோம் நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே மக்கன்பேடா வீட்டு வாசலில் ஒரு வண்டியைத் திருப்ப முடியுமா என்று கேள்.

பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டால் அதில் முதல் நாளில் இருந்து பஸ்ஸுக்கு ஒரு தடம் தனியாக வேண்டும், பைக்கையும் ஏதாவது ஒரு வழியில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் பிள்ளைகளில் கார் வாங்கியவனுக்கு மட்டும்தான் அது.

இப்போது சத்துவாச்சாரி தம்பிக்கு. கலங்கரை விளக்கம் என்று எல்லாரும் சொல்கிறோமே, அதே கலங்கரை விளக்கத்தில் இருந்து மேற்கே இன்னொரு தடம் வருகிறது, மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காவது வழித்தடம். கலங்கரை விளக்கம், மயிலாப்பூர், பனகல் பார்க், கோடம்பாக்கம், வடபழனி, போரூர், பூந்தமல்லி, 26 கிலோமீட்டர். கிழக்குப் பாதி சுரங்கம், மேற்குப் பாதி உயரத்தில். பூந்தமல்லியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் புது ஏர்போர்ட் வரும் என்கிற பரந்தூர் வரை நீட்டும் யோசனையும் இருக்கிறது. திருமழிசை பக்கம் குத்தம்பாக்கத்தில் நம்ம ஊர்ப் பக்கம் போகும் பஸ்களுக்கு என்றே ஒரு பேருந்து நிலையம் கட்டுகிறார்கள். வேலூர்க்காரனுக்கு லாபம் என்று கேட்டாயே, அது இந்தப் பக்கம் இருக்கிறது. கடல் பாலத்தைப் பற்றி டீக்கடையில் வாதாடுகிற நேரத்தில், குத்தம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவன் பூந்தமல்லி மெட்ரோவுக்கு எப்படிப் போவான், நடுவில் இணைப்புப் பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று என்று கேட்கிறவர்கள் குறைவு. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டை 2023 கடைசியில் திறந்துவிட்டு ரயில் நிலையத்தைப் பின்னால் கட்டிய மாதிரி இங்கேயும் ஆகக்கூடாது.


சத்துவாச்சாரி டிராவல்ஸ்:

சார், அண்ணன்மார்களே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஏர்போர்ட் டிரிப்புக்கு நான் இப்போது நசரத்பேட்டையில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி வண்டலூர் போய் சுற்றி வருகிறேன், கிலோமீட்டர் கூட ஆனாலும் மனசுக்கு நிம்மதி, பார்ட்டிக்குத்தான் டீசல் கணக்குப் புரிய வைக்க வேண்டியிருக்கிறது. நடு ராத்திரி ஃபிளைட் என்றால் ஸ்ரீபெரும்புதூரில் பிரிந்து குன்றத்தூர், பல்லாவரம். காலையில் அந்தப் பக்கம் போனால் பள்ளிக்கூட வேன்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வோம்.

சார் சொன்ன மெட்ரோ வந்தால் ஊருக்குள் போகிற பார்ட்டியைப் பூந்தமல்லியில் அதில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடலாம். வாடகை குறையும், ஆனால் டிரிப் கூடும், எனக்கு ஒத்து வரும் போலத்தான் இருக்கிறது. நோயாளியோடு, பெட்டி மூட்டையோடு வருகிறவர்களை அப்படி இறக்கிவிட முடியாது, அது வேறு. மற்றவர்களுக்குச் சரி. அங்கே வண்டி நிறுத்தி ஆளை இறக்க இடம் விடுகிறார்களா? ரோட்டு ஓரத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தினாலே ஃபைன் மெசேஜ் போனுக்கு வந்துவிடுகிறது.


ராணிப்பேட்டை லோடு:

பூந்தமல்லியில் மெட்ரோ டிப்போ பைபாஸ் மேல் வருகிறது, அந்த வழியாகத்தான் நான் போகிறேன். பஸ் நிற்கிற இடம் தெரிகிறது, கார் இறக்கிவிட என்று தனியாக எதுவும் என் கண்ணில் படவில்லை. மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோட்டில் ஆட்டோக்காரர்கள் இப்போதே வரிசை பிடித்து வைத்திருக்கிறார்கள், அவர்களைத் தாண்டி நீங்கள் எங்கே நிறுத்துவீர்கள் என்பது அவர்களோடு பேசித்தான் ஆகணும்.


மக்கன்பேடா:

பூந்தமல்லியில் ஏறினால் நேராக எங்கள் வீட்டுப் பக்கம் வந்து இறங்கலாமா! ஆற்காட்டில் இருந்து அம்மா வருவதற்கு இனி கார் பேச வேண்டாம். சத்துவாச்சாரித் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. சார், வயதானவர்கள் மேல் நடைமேடைக்கு ஏற லிஃப்ட் எல்லா நிலையத்திலும் உண்டா, அதை மட்டும் சொல்லுங்கள்.


காட்பாடி ஜங்ஷன்:

உண்டு அம்மா, முதல் கட்ட நிலையங்களிலும் எல்லாவற்றிலும் வைத்திருக்கிறார்கள். ஆனால் சாலையின் எந்தப் பக்கத்து வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வாசலிலும் இருக்காது, எதிர்ப்பக்கம் இறங்கிவிட்டால் பெரியவர்களை அந்த ரோட்டைக் கடக்க வைப்பது கஷ்டம்.